யாரு வூட்டுப் பொண்ணு

வடக்கனந்தல் சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரம் குறுக்கே கிடக்கிறது. இடஒதுக்கீட்டு மறியல், பஸ் நின்றுவிட்டது. தலையில் துண்டு கட்டிய ஒருவர், இறங்கி வரும் பெண்களை மட்டும் விசாரித்து அந்தப் பக்கம் விடுகிறார். கல்லூரியிலிருந்து ஊர் திரும்பும் தவமணி வரிசையில் நிற்கிறாள். நூலகத்தில் எடுத்த கதைப்புத்தகத்துக்குள், படித்த பக்கத்தில் அவள் விரல் இருக்கிறது. அந்தக் கதையின் நாட்டில் பெண்களுக்குப் பேரே கிடையாது. கழுத்துத் தகட்டில் எண்தான். இப்படியும் ஒரு ஊர் இருக்குமா என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டாள். முன்னால் கூடையோடு நிற்பவளிடம், "யாரு வூடும்மா?" என்கிறார் துண்டுக்காரர். அவள் புருஷன் பேரைச் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். பக்கத்தில் நிற்பவள் எடுத்துக்கொடுக்கிறாள்: "கொளஞ்சியப்பன் சம்சாரங்க." வழி விடுகிறார். தவமணி தாழ்ந்த குரலில் கேட்கிறாள்: "உங்க பேரு இன்னாக்கா?" "எம்பேரா? அத யாரு கேக்கறாங்க," என்றபடி அவள் கிளையைத் தாண்டுகிறாள். வாடாத புளியந்தழை அவள் கொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. துண்டுக்காரர் திரும்புகிறார். "நீ யாரும்மா?" "ஆதிமூலம் பொண்ணுங்க," என்கிறாள் தவமணி, சட்டென்று. மரத்தைத் தாண்டிய பிறகுதான் கவனிக்கிறாள்: புத்தகம் மூடியிருக்கிறது, விரல் வெளியே இருக்கிறது.