புட்டியில் அப்பாவின் மூக்கு

சுன்சியோன் நகரத்து மாலை வெயில் கணினித் திரையில் சரிகிறது. கணவன் ஒன்சோக் வீட்டிலேயே காய்ச்சிய பியருக்கு லேபிள் வரைகிறாள் ஹ்யேரிம். அவள் கல்யாணத்துக்கே வராத அப்பா இன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறார். மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் இருக்கும் கிழவர் முகத்தையே எட்டிப் பார்க்கிறார். “யாரும்மா இது?” “நீங்கதாம்ப்பா. ஞாபகத்துல இருந்து வரைஞ்சேன்.” “மூக்கு இவ்வளவு பெருசாவா?” அவள் மவுஸை இழுக்க, மூக்கு சுருங்குகிறது. அவர் தன் மூக்கைத் தடவிக்கொண்டே இன்னும் குனிகிறார். “வேணாம், பழையபடியே வை. அப்பத்தான் நம்ம ஊர்ப் பயலுங்களுக்கு நான்தான்னு தெரியும்.” பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்: “மாப்பிள்ளை, எனக்கு நாலு புட்டி கட்டி வைங்க.” உள்ளே ஒன்சோக் வெங்காயத்தாள் அடை திருப்பிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் சட்டென்று நிற்கிறது.