எண்ணெய் அழுத்தம் குறைந்தது

கமாண்டர் இன்னாசிமுத்து எழுபத்தாறு வயதிலும் சவரம் செய்யாமல் வாசலுக்கு வரமாட்டார். செய்தித்தாளில் வானிலைப் பகுதியை மட்டும் வாசிப்பார். கடற்படையைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றுவார்.

அன்று மாலை தூத்துக்குடியில் அவருக்குப் பாராட்டு விழா. தென்துருவப் பனிவெளியின்மேல் ஹெலிகாப்டர் ஓட்டியவர் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள்.

அழைத்துச் செல்ல வந்தவர் வேலாண்டி. அந்நாளில் அதே ஹெலிகாப்டரின் மெக்கானிக்.

அவருடைய இடக்கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. காப்பி கொடுத்த கமாண்டரின் மனைவி அதைப் பார்த்துத் தயங்கினார்.

"பனிக்குக் காணிக்க குடுத்தாச்சும்மா," என்று வேலாண்டி சிரித்தார்.

இன்னாசிமுத்து சிரிக்கவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், புதிய முகாமுக்கு இடம் பார்க்க அவர் தனியே பறந்தபோது, வானமும் நிலமும் ஒரே வெள்ளையாயின.

தொடுவானம் மறைந்தது.

சிவப்புச் சாயப் பையைக் கீழே வீசினார். பனியில் சாயம் தெரிந்தால் அதைக் கொண்டு உயரத்தைக் கணிக்கலாம்.

தெரிந்தது.

இறங்கியிருக்கலாம். கப்பலுக்கே திரும்பிவிட்டார்.

பதிவேட்டில் அஞ்சினேன் என்று எழுத மனம் வரவில்லை. இயந்திரத்தில் எண்ணெய் அழுத்தம் குறைந்தது என்று எழுதினார்.

இயந்திரம் பழுதின்றி இருப்பதாக அன்று காலை கையொப்பமிட்டிருந்தவர் வேலாண்டி.

அதன்பின் மூன்று நாள் அவர் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். கையுறையோடு சிறு திருகாணிகள் பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினார்.

ஒழுக்கு எங்கும் இல்லை.

அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. விரல் நுனிகள் கப்பலின் மருத்துவ அறையிலேயே போயின.

இன்னாசிமுத்து அப்போதும் பதிவேட்டைத் திருத்தவில்லை.

இப்போது வேலாண்டி காப்பியைக் கீழே வைத்தார். கமாண்டரின் மனைவி உள்ளே செல்லும்வரை காத்திருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீய. அந்த எண்ணெ எங்கன ஒழுகிச்சு? நான் எதத்தான் பாக்காம விட்டேன்?"

வெளியே கார் காத்திருந்தது.

அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க இன்னாசிமுத்துவால் இயலவில்லை. காது மடல்கள் சுட்டன. எதிரிலிருந்தவரோ, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரைப்போல் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார்.

இன்னாசிமுத்து சட்டைப் பையிலிருந்து, விழாவில் பேச எழுதிவைத்த உரையை எடுத்தார். நான்கு பக்கம். மேசைமேல் வைத்தார். எழுந்தார்.

"நீங்க எதையும் விடல, வேலாண்டி. மேடையில மொதல்ல அதச் சொல்லிர்றேன். நீங்க முன்வரிசையில உக்காருங்க."