கூடத்தில் மூன்று புள்ளிகள்

கட்டிலில் பெரிய அண்ணன் பாண்டியராஜ். சுவரோர நாற்காலியில் சின்ன அண்ணன் அருண்குமார். நடுவே சுக்குக் கசாயத்தோடு பெரியவரின் மனைவி அன்னக்கிளி. மூவருக்கும் இப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது.

வாசலோரம் சுகாதார ஆய்வாளர் பீர் மைதீன். தரையில் லேப்டாப்புடன் அண்ணன்மாரின் ஒரே தங்கை ஜெயசித்ரா, கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள்.

"மேடம், ஃப்ளூ ஊசி கொஞ்சந்தான் வந்திருக்கு. எங்க அனுப்பணும்னு இன்னைக்கே கடுதாசி கொடுத்திருங்க."

இங்கே சங்கரன்கோவிலில் கொரோனா, பக்கத்துப் புளியங்குடியில் ஃப்ளூ. இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தால் எப்படிப் பரவும், யாருக்கு முதலில் ஊசி என்பதுதான் அவள் போட்ட கணக்கு. ஃப்ளூ இங்கே பரவாதவரை ஊசி முழுவதும் புளியங்குடிப் பிள்ளைகளுக்கு. பரவத் தொடங்கிவிட்டால் பாதியை இங்கே நிறுத்த வேண்டும்.

இடித்தது ஒன்றுதான். ஊரிலேயே மூன்று பேருக்கு மட்டும் இரண்டு கிருமியும் இருந்தன. மூவரும் இந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள்.

"புளியங்குடிக்குப் போனீங்களாண்ணே? மறைக்காமச் சொல்லுங்க. பிள்ளைங்க உசுரு விஷயம்."

"ஏட்டி, அங்க இருக்க அப்பாவோட எலுமிச்சந் தோட்டத்தை விக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்ட. பெறகு அங்கன எங்களுக்கு என்ன சோலி?" என்று சிரித்தார் பாண்டியராஜ்.

"கோமதியம்மன் சத்தியமா தெருவைத் தாண்டல," என்றான் அருண்குமார்.

"லேப்டாப்புக்குத்தான் எல்லாந் தெரியுமே, எங்களை ஏன் கேக்க?" தாயில்லாதவளுக்குத் தலைவாரி விட்டு வளர்த்த அன்னக்கிளி அவள் கையில் டம்ளரைத் திணித்தாள். "ஆறுது, குடி."

ஜெயசித்ராவுக்கு நம்பத்தான் ஆசை. சத்தியத்தை மெய்யென்று வைத்து, ஃப்ளூ ஊருக்குள் சுற்றுவதாகக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். அப்படியானால் இந்நேரம் லேப்டாப் வரைபடத்தில் பக்கத்துத் தெருக்களிலும் நோய்ப் புள்ளிகள் முளைத்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மூவரும் புளியங்குடிக்குச் சேர்ந்துபோய் ஃப்ளூவை வாங்கி வந்தார்கள் என்றால் மட்டுமே கணக்கு ஒத்துப்போனது.

'ஊசி முழுவதும் புளியங்குடிக்கு' என்று எழுதி, உறையை ஒட்டி, பீர் மைதீனிடம் கொடுத்தாள். பைக் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

"அப்போ எங்க சத்தியத்தை நம்பல, அப்படித்தானே?" என்றார் பாண்டியராஜ்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அன்னக்கிளியைத்தான் பார்த்தாள்.

"தோட்டத்தை விக்க, புளியங்குடி பத்திர ஆபீசுல எனக்குப் பதிலா கையெழுத்துப் போட்டது நீங்கதானா, மதினி?"