சீராக வந்த குட்டி

"சிட்! மைனா... சிட்!"

மைனா உட்காரவில்லை. இசக்கிராஜாவின் கையிலிருந்த பிஸ்கட்டை எட்டிப் பிடுங்கிக்கொண்டு, கொடியில் காய்ந்த லுங்கியை இழுக்க ஓடியது.

வீட்டுக்காரர் தங்கசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "தம்பி, அதுக்கு இங்கிலீசு ஓடாது. கோவில்பட்டி நாய்க்குத் தமிழ்ல சொல்லணும்லா."

"தமிழ்லயும் சொல்லியாச்சு அண்ணாச்சி. உக்காருன்னா ஓடுது. வான்னா போகுது."

"அப்ப ஓடுன்னு சொல்லிப் பாருங்க. உக்காந்தாலும் உக்காரும்."

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்கிடாதீங்க. நேத்து என் பேத்திய விரட்டி, பிள்ள வாசப்படியில விழுந்துட்டா. உங்க மாமியார் இன்னைக்கு வருதாவல்லா? அதுக்குள்ள சொன்ன பேச்சு கேக்கலன்னா, அவிய கூடவே அனுப்பி விட்டுருங்க."

இசக்கிராஜா இழுபட்ட லுங்கியை எடுத்து மறுபடி கொடியில் போட்டான்.

மைனா, கன்னி என்கிற வேட்டைநாய் இனத்துக் குட்டி. அவன் மனைவி கெங்காவின் ஊர்ப்பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்தால் சீரோடு ஒரு கன்னிக்குட்டியும் வரும். அதை விற்கக் கூடாது, வெளி ஆளுக்குக் கொடுக்கவும் கூடாது. வளர்க்க முடியாவிட்டால் பெண்ணின் பிறந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

வைகாசியில் கல்யாணம். புரட்டாசியில் வந்த காய்ச்சல் கெங்காவைக் கொண்டுபோய்விட்டது. அவள் நகைகளும் சேலைகளும் போன மாதமே திரும்பிவிட்டன. அவளோடு வந்ததில் மிச்சம் இந்தக் குட்டிதான்.

"அந்தப் பிள்ள இருந்தப்ப இது இருக்கிற இடமே தெரியாது," என்றார் தங்கசாமி. "ஏக்கம்போல."

"அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி."

அவனுக்கு அதெல்லாம் சரியாகத் தெரியாது. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருவான்.

மண்டியிட்டு, மைனாவின் இடுப்பை மெல்ல அமுக்கினான். "உக்காரு." அது வழுக்கிக்கொண்டு எழுந்து அவன் காதை நக்கியது.

"ஏட்டி, ஒரே ஒரு தடவ கேளு," என்றான் அதன் முகத்தைப் பிடித்து. "உன்னையும் அனுப்பிட்டு நான் இந்த வீட்டுல என்னட்டி செய்ய?"

மைனா கொட்டாவி விட்டது.

வெயில் ஏறியபோது மாமியார் ஜக்கம்மாள் நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கயிறு.

"வாங்க அத்தை."

"வாரேன் மாப்பிள்ளை. எளைச்சுப் போயிட்டீங்களே," என்றபடி கேட்டைத் திறந்தார்.

திறந்த இடைவெளியில் மைனா பாய்ந்துவிட்டது. நேரே ரோட்டுக்கு. எதிரே தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது.

"மைனா! வா! கம்! இங்கன வா!" இசக்கிராஜா கத்திக்கொண்டே ஓடினான். அது காதில் வாங்கவே இல்லை.

பதறிப்போன ஜக்கம்மாளுக்குத் தமிழ் வரவில்லை. தன் வீட்டில் பேசுகிற தெலுங்கில் கத்தினார்.

"இக்கட ரா!"

மைனா ஓட்டத்திலேயே திரும்பியது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோவதற்குள் அவர் காலடிக்கு வந்து நின்றது.

"கூச்சோ," என்றார்.

மைனா உட்கார்ந்தது. வாலைக்கூட அசைக்காமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"அட, இது தெலுங்கு நாயா!" தங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இந்தக் கூத்து தெரியாம மனுசன் இங்கிலீசுல கெடந்து மல்லுக்கட்டுதாரு! தம்பி, அத்தைகிட்ட நாலு வார்த்த படிச்சுக்கிடுங்க. குட்டி இங்கனயே கிடக்கட்டும்."

ஜக்கம்மாள் சிரிக்கவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மைனாவின் தலையைத் தடவினார்.

"மாப்பிள்ளை, இது எங்கன போயி எங்க வீட்டுப் பேச்சைப் படிச்சுது? நாங்க குடுக்கும்போது பால்குடி மறக்காத குட்டி. கெங்காவும் இங்க வந்த பொறவு எங்கிட்ட போன்ல தமிழ்லதான் பேசுவா. பெத்தவ பேச்சு அதுக்குள்ள மறந்துபோச்சாட்டின்னு வஞ்சேன். சரிம்மான்னு அதுக்கும் தமிழ்லதான் சொன்னா."

இசக்கிராஜா கேட்டைச் சாத்துகிறவன்போல் திரும்பி நின்றுகொண்டான்.

'எனக்குப் புரியாத பாஷை இந்த வீட்டுக்குள் வேண்டாம்' என்று கல்யாணமான மறுநாளே கெங்காவிடம் சொன்னது அவன்தான். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, அவன் வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தக் குட்டியிடம்தான் பேசியிருக்கிறாள்.