மஞ்சளை மட்டும்

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வை தம்பி. என் புள்ள இவ்ளோ கறுப்பு இல்ல."

தம்புசாமி சொல்லச் சொல்ல சுகுமாறன் வெளிச்சத்தை ஏற்றினான். திரையில் அவர் மகள் புனிதா மணைப் பலகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நலங்கு. கன்னம், கை, கால் எல்லாம் மஞ்சள்.

கிள்ளானில் கல்யாண வீடியோ எடுக்கிற எவனுக்கும் இது அத்துப்படி. பெண்ணை வெளுக்க வைக்க வேண்டும். மாப்பிள்ளையை அவளைவிட ஒரு சொட்டுக் குறைவாக வெளுக்க வைக்க வேண்டும். பத்து வருடமாகச் சுகுமாறன் தின்கிற சோறு அதுதான்.

இது கல்யாண வீட்டுக்குப் போகிற வீடியோ இல்லை. நாளைக்குப் புனிதாவின் பதினாறாம் நாள் காரியம். பிள்ளை சிரித்த முகத்தைப் பெரிய டிவியில் போட வேண்டும் என்று அவள் அம்மா தங்கமணி கேட்டிருக்கிறாள்.

தாலி ஏறிய ஐந்தாம் நாள் புனிதா விழுந்தாள். கல்லீரல். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது பண்டமாரான் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

தம்புசாமி துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மழிக்காத தாடியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முழுதாக உட்கார்ந்தால் ஒடிந்துவிடும் என்பதுபோல.

"மூஞ்சி ரொம்ப மஞ்சளா இருக்குலா. அதையும் எடுத்துரு."

"நலங்கு மஞ்சள் அங்கிள். மொத்தமா எடுத்தா சேலையும் வெளுத்துரும், பூவும் வெளுத்துரும். மூஞ்சிய மட்டும் புடிச்சு எடுக்கணும்."

"உன் இஷ்டம். லோரின்னா கண்ண மூடிக்கிட்டு ரிவர்ஸ் எடுத்துருவேன். இதுல எனக்கு என்னா தெரியும்."

சுகுமாறன் முகத்தைப் பெரிதாக்கினான். திரை ஓரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு இருந்தது. மஞ்சள் கோட்டைப் பிடித்து இழுத்தால் மஞ்சள் மட்டும் இறங்கும். இழுக்கப் போனவன் கை அப்படியே நின்றது.

கன்னத்து மஞ்சள் பூசினது.

கண்ணுக்குள் யார் பூசுவார்கள்?

வெள்ளை விழி இரண்டும் பழுத்த எலுமிச்சையாக இருந்தன.

இதே வீடியோத் துண்டை அவன் ஏற்கெனவே ஒருமுறை வெட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை நலங்கு, ஞாயிற்றுக்கிழமை கல்யாண டின்னர். மண்டபத்துப் பெரிய திரைக்கு அவசரமாகச் செய்து கொடுத்தான். அன்றும் அந்தக் கண் அவன் கண்ணில் பட்டது. பந்தல் பல்பு மஞ்சள் என்று நினைத்தான். மேசையைத் துடைக்கிற மாதிரி ஒரே இழுப்பில் முகம், கண் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். நானூறு பேர் கைதட்டினார்கள். பொண்ணு பளிச்சென்று இருக்கிறாள் என்றார்கள்.

உன் கண் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம்.

சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த மனுஷன் என்ன ஆவார்? பெற்றவர். கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் விட்டோமே என்று நேராகப் போய் லோரி டயருக்கடியில் படுத்துவிடுவார்.

சட்டென்று படத்தைச் சின்னதாக்கினான். கன்னத்தைச் சுற்றி மட்டும் கோடு போட்டு மஞ்சளை இறக்கினான். தோல் மாநிறத்துக்கு வந்தது. கண்ணை இவர் போனதும் பார்த்துக்கொள்ளலாம்.

"ஓகே அங்கிள், முடிஞ்சிருச்சி. நீங்க வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் நானே கொண்டாந்து தரேன்."

தம்புசாமி எழுந்திருக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கிரீஸ் ஏறிய விரலை நீட்டி, கண்ணாடியில் படாமல், மகளின் கண்ணுக்கு நேரே நிறுத்தினார்.

"இதையும் எடுத்துருப்பா. தங்கமணி பாத்துருவா."

சுகுமாறன் மௌஸைக் கண் பக்கம் நகர்த்தினான்.

"அடுப்படில கெடந்தா பாவம், அவ அன்னைக்கிப் பாக்கல." தம்புசாமி குரலைத் தாழ்த்தினார். "நான் பாத்தேன். கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன்."