டப்பாவில் மிதந்த எண்ணெய்

உங்களுக்கு ஒரு விடுகதை. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் டப்பாவில் எண்ணெய் மிதக்கிறது. எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. எப்படி வந்தது?

நிதானமாக யோசியுங்கள். அந்தப் பள்ளி வேனின் சொந்தக்காரர் யோசிக்கவில்லை. பட்டறையில் டப்பாவைப் பார்த்ததுமே மைத்துனன் மேல் பாய்ந்தார்.

"இன்ஜின் சூடேறி முள்ளு சிவப்புக்குப் போயிருக்கும். நீ பாட்டு கேட்டுக்கிட்டே ஓட்டியிருப்பே. உள்ளே எண்ணெயையும் தண்ணியையும் பிரிச்சு வைக்கிற கேஸ்கெட் போச்சு!"

"சூடே ஏறலை, அத்தான்."

"பேசாதே! உங்க அக்கா முகத்துக்காக வண்டியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். சாவியை வை. நாளையிலிருந்து வேற டிரைவர்."

மைத்துனன் சாவியை நீட்டினான். வேலைக்கு அலைந்து அலைந்து, இந்த மாதம்தான் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

"மாமா பாவம்பா," என்றாள், அப்பாவின் கையைப் பிடித்து நின்ற பாப்பா.

"நீ சும்மா இரு."

பட்டறை நடத்தும் மெக்கானிக் அக்கா சிரித்தாள். "அண்ணே, கொஞ்சம் மூச்சு விடுங்க. வண்டியும் ஏதாவது சொல்லட்டும்."

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தாள். "இதுல தண்ணி கலந்திருந்தா பால் ஊத்தின காப்பி மாதிரி இருக்கும். இது சுத்தக் கறுப்பு."

டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து, ஆறிப்போயிருந்த இன்ஜினை ஓடவிட்டாள். உற்றுப் பார்த்தாள். "கேஸ்கெட் போயிருந்தா இங்கே குமிழ் குமிழா வரும். ஒண்ணும் காணோம்."

கடைசியாக, டப்பாவில் மிதந்ததை விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினாள். தேன் நிறம்.

"இன்ஜின்ல ஓடின எண்ணெய் கறுப்பு. இது தேனாட்டம் பளபளன்னு இருக்கு. உள்ளேயிருந்து கசியலை அண்ணே. யாரோ புது எண்ணெயை, இன்ஜின் மூடிக்குப் பதிலா இந்த மூடியைத் திறந்து, இங்கே ஊத்தியிருக்காங்க. நல்லா அலசிட்டா வண்டி பிழைச்சுக்கும்."

"யாரோ என்ன யாரோ? இவனேதான்!"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "நானா... இருக்கும் அத்தான்."

"பார்த்தியா! ஒத்துக்கிட்டான்!"

பாப்பா அப்பாவின் சட்டையை இழுத்தாள். அவர் எரிச்சலோடு குனிந்தார். அவள் காதில் ஏதோ சொன்னாள்.

நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. சாவியை மைத்துனன் கையில் வைத்து அழுத்தினார்.

"மாப்ளே, நான்தான் ஊத்தினேன். காலையில, போன்ல பேசிக்கிட்டே. சுத்தமா மறந்துட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"அட!" என்றான் மைத்துனன்.

"நீ ஏன்யா ஒத்துக்கிட்டே?"

"நீங்க போட்ட சத்தத்துல எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு, அத்தான்."

மெக்கானிக் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாப்பா அப்படி என்னதான் சொன்னா?"

"'காலையில நான்தானேப்பா உங்களுக்குப் புனல் பிடிச்சேன்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?'ன்னு கேட்டா."

அதை அவள் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கலாம். காதோடு கேட்டாள்.