லண்டன் பாசல்

கதிரவேலுவின் பாசலைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது லண்டனிலிருந்து வரவில்லை.

பதினொரு வருடமாகத் தபால் கந்தோரில் சீல் குத்துகிறவன் நான். குத்திய சீல் பாதி முத்திரையிலும் பாதி கடதாசியிலும் விழவேண்டும். இதில் அது முத்திரையின் ஓரத்தோடு வெட்டினாற்போல் நின்றது. யாருக்கோ வந்த பழைய கடிதத்திலிருந்து முத்திரையை உரித்து ஒட்டியிருக்கிறான்.

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறான்.

கட்டியிருந்த நூலைப் பார்த்தேன். வலை முடிச்சு. எங்கள் ஊர்க் கடற்கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் போடுவது. லண்டன் கடைக்காரன் எந்தக் கடலில் வலை பொத்தினான்?

“என்ன நமசிவாயம், பாசலை மணந்து பார்த்துக்கொண்டே இருக்கப்போறீரோ? அவிழ்த்துப் பாரும்,” என்றார் தியாகலிங்கம் மாஸ்டர்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பின்னேரம், சுன்னாகத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். நாலு பேருக்கும் றேடியோப் பைத்தியம். லண்டன் கடைகளின் விலைப்பட்டியலைப் பார்த்து, அங்கே படிக்கிற சொந்தக்காரரைக் கொண்டு தபாலில் சாமான் எடுப்போம். எழுபத்துமூன்றில் வெளிநாட்டுச் சாமான் குதிரைக்கொம்பு. அதனால் வந்த பாசலை அவரவர் வீட்டில் உடைக்கக் கூடாது, எல்லோர் முன்னாலும்தான் உடைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். அவிழ்ப்பது எப்போதும் நான்.

அன்று மாஸ்டருக்கு, ஈயம் உருக்கி ஒட்டுகிற ஒரு சோல்டரிங் அயன் வந்திருந்தது. சந்தையில் வெங்காயக் கடை வைத்திருக்கும் சண்முகநாதனுக்கு, கரண்ட் பட்டால் பிடிக்குள் சிவப்பாக எரிகிற திருப்புளி. அதைக் கொண்டு வீட்டில் இருந்த எல்லாப் பிளக்கிலும் குத்திப் பார்த்துவிட்டார்.

மூன்றாவது, கதிரவேலுவின் பாசல்.

கதிரவேலு என் ஊர்க்காரன். வள்ள எஞ்சின் திருத்துகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் அவனை இவர்களிடம் கூட்டிவந்தேன். அவனுடைய தமையனுக்குச் சொந்த வள்ளம் உண்டு. அக்கரைக்கு, இந்தியப் பக்கம் போகிற வள்ளங்கள் திரும்பும்போது என்னென்ன கொண்டுவருகின்றன என்று ஊருக்கே தெரியும்.

கள்ளச் சாமான். பொய் முத்திரை. அதை அவிழ்க்கிறவன் தபால் கந்தோர்க் கிளாக்கர். பொலிசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனால் என் வேலை போகும், என் மனைவி குணலட்சுமியும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இன்றைக்கே இவனைக் கழற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. சீனி டப்பா அளவு. முன்னால் ஒரு பித்தளைத் திருகி. வானொலிக்கும் ஏரியல் கம்பிக்கும் நடுவில் பூட்டவேண்டும் என்று கதிரவேலு சொன்னான். மாஸ்டர் என் றேடியோவில் அதைப் பூட்டி, திருகியை மெல்லத் திருப்பினார்.

மூன்று வருடமாக இரைச்சலுக்குள் கிடந்த ஒரு நிலையம் தெளிவாகக் கதைத்தது.

சண்முகநாதன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“வெள்ளைக்காரன்ரை வேலை எண்டால் வேலைதான்,” என்றார் மாஸ்டர். “உந்தத் திருகியைப் பாருங்கோ, என்ன வழுவழுப்பு.”

நான் கதிரவேலுவைக் கையில் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

“உண்மையைச் சொல்லு. உன்ரை அண்ணன்ரை வள்ளத்திலையோ வந்தது?”

“இல்லையண்ணை. நான் செய்தது.”

நான் நம்பவில்லை. அவன் கையை விரித்துக் காட்டினான். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ஈயம் பட்ட தழும்புகள். திருகி பழைய எஞ்சினில் கழற்றியது, கடலை எண்ணெய் போட்டு ஒரு கிழமை தேய்த்தேன் என்றான்.

எனக்குக் கோபம் கூடியது. “செய்தால் செய்தது எண்டு சொல்லுறதுதானே? முத்திரை ஒட்டி ஏன் இந்தக் கள்ள வேலை?”

அவன் கிணற்றுக் கட்டில் குந்தினான்.

“பொங்கலுக்கு அடுத்த ஞாயிறும் உதே பெட்டியைத்தானண்ணை கொண்டந்தனான். பேப்பரிலை சுத்தி. என்னெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் அதுக்கு மேலை தேத்தண்ணிக் கோப்பையை வைச்சனீங்கள்.”

எனக்கு அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. சண்முகநாதனுக்கு ஹெட்போன் வந்த நாள். ஆளுக்கு ஆள் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேசையில் கோப்பை வைக்க இடம் இருக்கவில்லை. பேப்பர் சுற்றிய ஏதோ ஒன்று கைக்கு வசதியாக இருந்தது.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

உள்ளேயிருந்து மாஸ்டர் கூப்பிட்டார். “தம்பி கதிரவேலு, அந்தக் கடை விலாசத்தை ஒருக்கால் சொல்லும். எனக்கும் ஒண்டு எடுக்கவேணும்.” தனக்கும் ஒன்று என்றார் சண்முகநாதன். இரண்டு வருடத்தில் மாஸ்டர் அவனைத் தம்பி என்று அழைத்து நான் கேட்டதில்லை.

கதிரவேலு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது.

அவன் உள்ளே போனான். நானும் பின்னால் போனேன்.

“விலாசம் வேண்டாம் மாஸ்டர், நானே எழுதிப்போடுறன்,” என்றான். “கப்பலிலை வாறது. ரண்டெண்டால் நாலு மாசம் செல்லும்.”

பெட்டி இன்னும் மாஸ்டரின் கையில் இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கிற எண்ணத்தில் இல்லை.

“மூண்டெண்டு எழுது,” என்றேன் நான்.